தூளுக்கும் ஊர் உண்டு

லண்டனில் இருக்கும் அக்கா மகள் நல்ல மாட்சா தேடிக் கடை கடையாக அலைகிறாள். உஜி இலையா, நிஷியோ இலையா என்று விசாரித்துத்தான் குடிப்பாளாம். நிழலில் வளர்த்த இலையைக் கல் திரிகையில் அரைத்த தூள் அது. வடிகட்டுவதில்லை, இலையே உள்ளே போகிறது.

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு நான் குடிப்பதும் தூள்தான், டஸ்ட் டீ. "ஸ்ட்ராங்கா, லைட்டா?" மாஸ்டர் கேட்பது அவ்வளவுதான். இலை எந்த ஊர் என்று நாங்களும் கேட்பதில்லை.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கண்டி, ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்த கைகள் இங்கேயும் அதையே பறித்தன. நல்ல டீ எங்கே என்று கேட்கிற நாம், யார் பறித்தது என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.