பாலாற்றுப் பந்தியின் முதல் இலை

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாறு வழித்துணையாக வரும். ஆம்பூரை நெருங்கினால் பிரியாணி வாசனையும் தோல் வாடையும் சேர்ந்தே மூக்கைத் தொடும்.

ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு இது. மழை பெய்தால் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். அங்கே கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் பச்சைப் படலம்தான் பாசி. வெயிலைக்கொண்டு தனக்கான உணவைத் தானே தயாரிக்கும் நுண்ணுயிர். அதை நத்தையும் மீன்குஞ்சும் தின்னும். அவற்றைக் கொக்கு தின்னும். ஆற்றில் நடக்கும் பந்தியின் முதல் இலை பாசிதான்.

அந்த இலையில்தான் விஷம் விழுகிறது.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல், பிறகு குரோமிய உப்புக்கு மாறியது. தொட்டியில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். இதன் நச்சு குறைவு. ஆறு இணைதிறன் கொண்டதுதான் கொடியது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இந்தக் குரோமேட், பாசிக்குத் தேவையான சல்பேட் சத்தைப் போலவே உருவம் கொண்டது. ஆள் தெரியாமல் பாசி கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் அது ஒளியைப் பிடிக்கும் அமைப்பைக் குலைக்கிறது. பச்சையம் குறைகிறது, வளர்ச்சி தடைபடுகிறது.

சில நீலப்பச்சைப் பாசிகள் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. குரோமியத்தை உடலில் பிடித்துவைத்து, நச்சு குறைந்த வகையாகவும் மாற்றுகின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இவற்றைப் பயன்படுத்தும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால், ஆற்றில் அவற்றைத் தின்னும் உயிர்களுக்கும் அந்த உலோகம் போய்ச் சேரலாம். அதனால், தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்பதற்காக ஆறு நலம் என்று சொல்லிவிட முடியாது. பல வகைப் பாசி வாழ்ந்த இடத்தில் முரட்டு வகைகள் சில மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகள். பிரியாணிக்காக ஆம்பூரில் வண்டியை நிறுத்துகிறவர்கள், ஆற்றுப் பாலத்திலும் ஒரு நிமிடம் நின்று குனிந்து பார்க்கலாம்.