மைசூர் மைன்ஸில் ஒரு கும்மி வகுப்பு

கோலார் தங்கவயலைக் காண விழையும் அன்பர்கள் பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் வண்டியில் ஏறவேண்டும். சுரங்கங்களின் பொருட்டு 1894-ல் திறக்கப்பெற்ற கிளைப் பாதை அது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்தால், கடைசி நிலையம் மாரிக்குப்பம். அதனை அடுத்துள்ள பகுதியே நம்மவர் வழக்கில் ‘மைசூர் மைன்ஸ்’.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றிய பின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல வந்து குடியேறின. மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் பொன் தோண்டினர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று சயனைடு மண் மேடுகள் குன்றுகள்போல் நிற்கின்றன. இளைஞர் விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் யான், உறவினரைக் காண அங்கே சென்றிருந்தேன். மாலையில் லைன் வீடுகளுக்கு நடுவேயுள்ள வெளியில் ஒரு மூதாட்டியார் கும்மி பயிற்றிக்கொண்டிருந்தார். ஐந்து வயதுச் சிறார் முதலில் பாடவில்லை. வட்டமாக நடக்க மட்டும் செய்தனர். நடை சீரான பின்னர் கைதட்டு. அதன் பின்னரே சொல். பெரிய பெண்கள் பின்னல் கோலாட்டம் பயின்றனர். மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆடியவாறே பின்னி, மீண்டும் அவிழ்க்கவேண்டும். ஒருத்தி ஓரடி தவறினாலும் பின்னல் சிக்கிவிடும். தவற்றை ஆசிரியர் சுட்ட வேண்டியதில்லை, கயிறே காட்டிவிடும்!

சுரங்கத்தில் உழைத்து மார்பு தளர்ந்த முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து தாளம் போட்டார். “தாத்தா, நீங்களும் பாடுங்களேன்” என்றாள் ஒரு சிறுமி. “மூச்சு இடங்கொடுக்கவில்லை, கண்ணு. கை இருக்கிறதே, அது போதும்” என்றார் அவர்.

இம்முறையின் பயனை மேனாட்டாரும் கண்டுள்ளனர். ஜெனீவாவில் இசை பயிற்றிய எமில் ழாக்-தால்குரோஸ், மாணவர் விரல் தேர்ந்தும் லயம் தேறாதிருப்பதைக் கண்டு, இசைக்கேற்ப அவர்களை நடக்கச் செய்தார். 1915-ல் அங்கே அதற்கெனக் கல்விக்கூடமும் தோன்றியது. நம் கருநாடக இசையிலோ, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் தட்டும் விரலும் வீச்சுமாகக் கையே கற்றுக்கொள்கிறது.

ஆயினும் மைசூர் மைன்ஸில் இதற்கு வேறொரு முதன்மையும் உண்டு. அம்மூதாட்டியார் எழுதப் படிக்க அறியார். சிறார் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர்; தமிழ் எழுத்து அறியார். அவர் பாட்டை எழுதிக் கொடுக்கவும் இயலாது. இவர்கள் படித்துக்கொள்ளவும் இயலாது. இருவருக்கும் இடையே உள்ள பாலம் காலும் கையுமே. அப்பாலம் அறுந்தால், அந்தப் பாட்டுகள் அம்மூதாட்டியாரோடு மறைந்துபோகும்.

வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்களின் நிலையும் இதற்குப் பெரிதும் வேறன்று. சங்க விழாக்களில் பாட்டிமாரை முன்வரிசை நாற்காலியில் அமர்த்தி மரியாதை செய்கிறோம். அவர்களைக் குழந்தைகளின் வட்டத்துக்குள் அழைத்துச் செல்வோமாக. நிற்க இயலாதவர் அமர்ந்தே தாளமிடட்டும். நடை பழகிய குழந்தைக்குச் சொல் தானே வந்து சேரும்.