விளையாட்டுக்கு வெளியே

வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய நகைச்சுவைச் சித்திரப்படம் ஒன்று இம்மலரிற் பேசப்படத் தகுந்ததா எனச் சிலர் வினவக்கூடும். ஆயினும், 2012ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'றெக்-இற் றால்ப்' படத்தை அண்மையில் முதன்முறையாகப் பார்த்தபோது எழுந்த எண்ணங்களை எழுதாதிருக்க இயலவில்லை.

அமெரிக்காவில், நாணயமிட்டு விளையாடும் இயந்திரங்கள் நிறைந்த ஒரு கூடம். இரவில் அது பூட்டப்பட்டதும் திரைகளுக்குள் வாழ்வோர் மின்கம்பிகளின் வழியே பயணஞ்செய்து, எல்லா இயந்திரங்களும் இணையும் மின்பலகையிற் கூடுகின்றனர். அதுவே அவர்களது புகையிரத நிலையம். 1990 முதல் ஆண்டுக்கணக்காக மின்சாரமற்றிருந்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடாநாட்டிலே இக்கற்பனை எவருக்கும் தோன்றியிராது!

கதைநாயகன் றால்ப், 1982ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகப் புனையப்பட்ட விளையாட்டொன்றின் வில்லன். நின்டென்டோவின் 'டொங்கி கொங்' (1981) விளையாட்டின் சாயல் அதிலே தெளிவாகத் தெரிகின்றது. முப்பது ஆண்டுகளாக றால்ப் கட்டடத்தை உடைக்கிறான். பீலிக்ஸ் அதனைத் திருத்திப் பதக்கம் பெறுகிறான். றால்புக்கு வாய்த்தது செங்கற் குப்பைமேடு.

இயக்குநர் றிச் மூர் 'சிம்ப்சன்ஸ்' தொடரிற் பணியாற்றியவர். அப்பயிற்சி வீண்போகவில்லை. அடுக்குமாடிவாசிகள் பழைய விளையாட்டுகளின் உருவங்களைப் போன்று வெட்டிவெட்டி அசைவதும், வில்லன்கள் வட்டமாக அமர்ந்து தம் மனக்குறைகளைக் கொட்டுவதும் சிரிப்பை அடக்கவொண்ணாதவை. இனிப்பு உலகத்துக் காரோட்டக் காட்சிகளோ அளவுக்கு மிஞ்சி நீண்டு சலிப்பூட்டின.

என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு காட்சி. கியூபேட் என்பது 1982இல் உண்மையாகவே வெளிவந்த விளையாட்டு. அதன் உருவங்கள் இப்படத்திலே நிலையத்தின் ஓரத்தில் ஒடுங்கியிருந்து இரக்கின்றன. அவற்றின் இயந்திரம் அகற்றப்பட்டுவிட்டது. றால்ப் ஒரு செரிப்பழத்தைக் கொடுத்துவிட்டுச் செல்கிறான். அருகில் இருந்த அம்மா, "இதுகள் ஆர் பிள்ளை? ஏன் ஸ்ரேசனுக்கை இருக்குதுகள்?" என வினவினார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தபோது அம்மாவுக்கு வயது பதினாறு. தென்மராட்சியிலே ஒரு பாடசாலை வகுப்பறையில் வேறு குடும்பங்களுடன் மாதங்களைக் கழித்தவர். நான் விளக்கினேன். "பிறகு வீடு கிடைச்சுதோ?" என்றார். படம் முடியவில்லையே, எனக்கெவ்வாறு தெரியும்?

இப்படத்தில் ஒரு விதியுண்டு. சொந்த விளையாட்டினுள் இறப்போர் மீண்டும் பிறப்பர். வெளியே இறப்பின் மீட்சியில்லை. நகைச்சுவைப் படமொன்றில் இத்துணைக் கடுமையான விதியை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கொரு முறைப்பாடும் உண்டு. றால்ப் ஏன் உடைக்கிறான்? அவன் குடியிருந்த மரக்குற்றியை அகற்றிவிட்டே அந்த அடுக்குமாடி எழுப்பப்பட்டது. ஆரம்பத்தில் சில நொடிகளே காட்டப்படும் இச்செய்தியைப் படம் பின்னர் விசாரிப்பதேயில்லை. றால்பின் கோபம் நியாயமானதா என்ற கேள்வி, அவன் நல்லவனா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகின்றது. ஈற்றில் அவன் தன் தொழிலுக்கே மனநிறைவோடு திரும்புகிறான். அந்நிறைவை என்னால் முழுமையாக ஏற்கமுடியவில்லை.

இறுதிப் பகுதியில் றால்ப் கியூபேட் கூட்டத்தாருக்கு வீடுகள் கட்டிக்கொடுக்கிறான். தன் விளையாட்டிலேயே அவர்களுக்கு வேலையும் கிடைக்கின்றது. அதற்குள் அம்மா உறங்கிவிட்டார். காலையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், வீடு கிடைத்துவிட்டதெனச் சொன்னேன்.

"ஆர் காணி குடுத்தது?" என்றார்.

"அவன்ரை குப்பைமேடுதான் அம்மா" என்றேன்.