யார் முன்கூட்டிப் பார்க்கவில்லை?

'இம்ப்ரொவைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. முன்கூட்டிப் பார்க்கப்படாதது என்பது அங்கே அதன் பொருள். எழுதி வைக்காமல், அந்தக் கணத்திலேயே பாடுவதையும் பேசுவதையும் நடிப்பதையும் இச்சொல் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு வழக்கும் உண்டு. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தார்ப்பாயைக் கட்டி ஒதுங்கினால், அந்த ஒதுங்கிடத்துக்கும் இதே சொல்தான். ஒன்று கலை, மற்றது கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது.

தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். கச்சேரி மேடையில் அது மனோதர்மம். எங்கள் வீட்டு அடுப்படியில் அது 'சமாளிச்சிட்டா'. ஐந்து பேருக்கு வடித்த சோற்றுக்கு எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். அம்மா ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் கூட்டுவாள், நாலு அப்பளம் பொரிப்பாள், பானையடியில் ஒட்டியதைத் தான் தின்பாள்.

மேடையும் பெண்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குத் தந்த மொழிகளில் ஒன்று இத்தாலியம். கேட்ட தலைப்பில் உடனே கவி பாடுவதில் பேர்பெற்ற கொரில்லா ஒலிம்பிக்காவுக்கு 1776இல் ரோம் நகரில் கவிமுடி சூட்டினார்கள். அதற்காகவே அவர் கேலிக்கும் ஆளானார். இங்கே ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்தாக இருந்த காலத்தில் அதை மேடையேறிப் பாடிய டி.கே. பட்டம்மாளை 'பல்லவி பட்டம்மாள்' என்றே அழைத்தார்கள்.

அந்தக் கணத்தில் பிறக்கும் ஸ்வரத்துக்குப் பின்னால் பல வருஷச் சாதகம் இருக்கிறது. அம்மாவின் கையளவுக்குப் பின்னாலும் அப்படித்தான். அதைச் சாதகம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அவளுடைய அடுப்படியையும் கலை என்று கொண்டாடிவிட்டால் போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். பாடகி தெரியாத இடத்துக்குள் தானே விரும்பி நுழைகிறாள். அம்மாவுக்கு அந்த விருப்பம் வாய்க்கவில்லை. 'அவ சமாளிச்சிடுவா' என்ற பாராட்டு, அரிசி வாங்கி வைப்பதிலிருந்தும், ஆள் வருவதை முன்னாடியே சொல்வதிலிருந்தும் மற்ற எல்லாரையும் விடுவித்தது.

வீட்டிலோ வேலையிடத்திலோ உங்களை 'எதையும் சமாளிப்பவள்' என்று புகழும்போது, புகழை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் திறமை. கூடவே ஒன்றைக் கேளுங்கள்: இதை முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டியவர் யார்?