எத்தனை அடி வீடு?

எங்கள் துறையில் எனக்கு மூத்தவராக இருந்த அக்கா ஒருவர், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக இங்கிலாந்தில் இருக்கிறார். வாடகை கட்டி மாளாததால், கால்வாய்ப் படகொன்றை வாங்கி அதிலேயே குடியேற எண்ணுகிறார். முழங்கால் வலியுள்ள அம்மாவையும் சில மாதங்கள் உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், 70 அடிப் படகையே முதலில் விரும்பினார்.

அங்கே படகின் அளவைக் கால்வாயே முதலில் தீர்மானிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த முறையில், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் பலவும் ஏறத்தாழ 7 அடி அகலமும் 72 அடி நீளமும் உடையவை. எனவே அந்தக் கால்வாய்களில் செல்லும் படகின் அகலம் 7 அடிக்குள் அடங்கியாக வேண்டும். நீளத்தில் மட்டுமே தெரிவு உண்டு. வடபகுதிக் கால்வாய்கள் சிலவற்றில் தொட்டிகள் இன்னும் குட்டையானவை. ஆகவே, 57 அடிப் படகு ஏறத்தாழ எங்கும் செல்லும் என்பது படகில் வாழ்வோர் வழக்கு.

இந்தச் செலவியல்பு வாழ்வுக்கே இன்றியமையாதது. நிலையான துறை இல்லாத படகு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கலாகாது. நீளம் கூடினால் உரிமக் கட்டணமும் கூடும்.

நீளத்தை மட்டும் கேட்பதும் போதாது. 19ஆம் நூற்றாண்டில் இரயிலின் போட்டியால் வருவாய் குன்றிய படகோட்டிகள் பலர், குடும்பத்தோடு படகில் குடியேறினர். படகு 70 அடி. குடும்பத்துக்கு வாய்த்ததோ பின்முனையில் சுமார் 10 அடி அறை. எஞ்சியது சரக்குக்கு. அவ்வறையில் எத்தனை பேர் உறங்கலாம் என வரையறுக்க 1877இல் சட்டமே தேவைப்பட்டது.

இருவர் பகிரும் விடுதி அறையில் ஐந்தாண்டுகள் கழித்தவன் என்ற தகுதியில் அக்காவிடம் ஒன்றைச் சொன்னேன்: முன்தளம், பின்தளம், எஞ்சின், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கழித்துவிட்டு, அம்மா இறங்கி வரும் படிகளிலிருந்து கணக்கிடுங்கள்.

‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று வகுப்பில் கற்றோம். எதை விடுவது என்ற வினாவாக அது இப்போது எங்கள்முன் நிற்கிறது. அக்கா 57 அடிக்கு இசைந்துவிட்டார். நூல்களில் பெரும்பகுதியை நூலகத்துக்கு அளிக்கவிருக்கிறார். அலமாரிக்கென ஒதுக்கிய ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும், வரைபடத்தில் இப்போது அம்மாவின் கட்டிலாகியிருக்கின்றன.