எல்பாத் தீவில் பொன் பொறுக்கிய கதை

இத்தாலி தேசத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் ரோமாபுரியையும் வெனிஸையும் கண்டு களித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நாம் அவ்வழக்கத்தை விட்டு எல்பா என்னும் சிறு தீவுக்குக் கப்பல் ஏறியதற்கு ஒரு சிறுமியே காரணம். நம் வீட்டுக் குழந்தை ஒருத்தி, 'மூடர் பொன்' எனப்படும் பைரைட் கல்லின் படத்தை ஒரு புத்தகத்தில் கண்டுவிட்டு, "அது ஒன்று எனக்கு வேண்டும், கடையில் வாங்கினது கூடாது, நீங்களே பொறுக்கியதாக இருக்க வேண்டும்" என்று நிபந்தனை விதித்து அனுப்பியிருந்தாள். ஆம் என்று வாக்களித்தும் விட்டோம்.

பியோம்பினோ என்னும் துறைமுகத்திலிருந்து எல்பாத் தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ரியோ மரீனா என்னும் சிற்றூரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். கரையை நெருங்கும்போதே மலைகளின் நிறம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. ஒரு பக்கம் செங்கல் நிறம், மறு பக்கம் துருவின் நிறம், நடுநடுவே மஞ்சள். புல் பூண்டு மிகக் குறைவு. ஊருக்குள் நடந்தால் தெருப் புழுதியே மினுமினுக்கிறது. அது ஹெமடைட் என்னும் இரும்புத் தாதுவின் தூள்.

இம்மலையை மனிதன் தோண்டத் தொடங்கி இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எத்ரூரியர் தோண்டினர், பின் ரோமர் தோண்டினர். இரும்பு உருக்கும் உலைகளின் புகையைக் கண்டே கிரேக்கர் இத்தீவுக்குக் கரி படிந்த தீவு என்று பொருள்படும் 'ஐதாலியா' என்ற பெயரிட்டார்கள் என்பர். 1814-ஆம் வருஷம் மே மாதத்தில் நெப்போலியன் இங்கே வந்து சேர்ந்தார். ஐரோப்பாவை ஆட்டிவைத்த அம்மனிதருக்கு இப்பொழுது ஆள்வதற்கு இருந்தது இந்தத் தீவு ஒன்றே. வருமானத்துக்கு முக்கியமாய் இருந்தது ரியோவின் சுரங்கம். சுரங்க அதிகாரியான பொன்ஸ் என்பவரோ, கையிலிருந்த பணம் பிரெஞ்சு ஸ்தாபனம் ஒன்றுக்குச் சேர வேண்டியது என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார்! சக்கரவர்த்தியும் கணக்கரும் வாதாடிய அக்காட்சியைக் காண நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. பின்னர் அதே பொன்ஸ் அவருக்கு மெய்யன்பராகி, 1815 பிப்ரவரியில் அவர் தீவை விட்டுத் தப்பியபோது உடன் சென்றார்.

சுரங்கங்கள் 1981-ல் மூடப்பட்டுவிட்டன. இன்று அங்கே ஒரு பொருட்காட்சி சாலையும், பழைய சுரங்கக் குழிகளைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடும் உண்டு. தாதுக் கல் பொறுக்க விரும்புகிறவர்கள் வழிகாட்டியுடன் இக்குழிகளுக்குச் செல்வதே நேரான மார்க்கம். நமக்கு வாய்த்த வழிகாட்டி, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். "என் தகப்பனாருக்கு இந்தக் கல்லைக் கண்டாலே ஆகாது" என்றார் அவர். காரணம் உண்டு. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் கூடியது. எடையில் பாதிக்கு மேல் கந்தகம். கந்தகம் கலந்த இரும்பு காய்ச்சி அடிக்கும்போது வெடித்துவிடும். தகப்பனார் தாதுவிலிருந்து ஒதுக்கி எறிந்த கல்லை மகன் ஊரூராய் வருகிறவர்களுக்குத் தேடிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

தேடும் விதத்தை அவரிடமே கற்றோம். தோண்ட வேண்டியதில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சூரியன் சாய்ந்திருக்கும் வேளையில், சரிவுகளின் அடிவாரத்தில் குனிந்து மெல்ல நடக்க வேண்டும். மழை மண்ணை அரித்துப் புதிய கற்களை வெளியே விட்டிருக்கும். எல்பாவின் தோண்டிய குழிகள் காலப்போக்கில் தாமே மறுபடி நிரம்பிவிடுவதாக ஸ்ட்ராபோ என்ற பழைய பூகோள ஆசிரியர் எழுதிவைத்தார். அது கட்டுக்கதைதான், ஆயினும் மழைக்குப் பின் அச்சரிவைப் பார்த்தவர்களுக்கு அவரைப் பரிகசிக்க மனம் வராது.

இரண்டு மணி நேரம் நமக்கு ஹெமடைட்டே கிடைத்தது. கைகள் சிவந்தன, வேட்டியும் சிவந்தது. பிறகு ஒரு பழுப்பு மண்கட்டியைப் பிளந்தபோது, கொட்டைப்பாக்கு அளவில் பித்தளை நிறமுள்ள ஒரு கல் எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு முகங்கள், ஒவ்வொரு முகமும் ஐந்து கோணம். எந்தச் சிற்பியும் தீட்டாமல் பூமிக்குள் தானே அமைந்த உருவம் அது. இத்தகைய ஐங்கோண முகப் படிகங்களுக்கு எல்பா உலகப் பிரசித்தி பெற்றது. ஸ்டெனோ என்ற டென்மார்க் தேசத்து அறிஞர் 1669-ல் பிளாரன்ஸில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த படிகங்களுள் எல்பாவின் இரும்புக் கற்களும் இருந்தன.

பொன்னையும் இதையும் பிரித்தறிவது எளிது. பொன்னைப் பேனாக்கத்தி கீறும், பைரைட்டைக் கீறாது. மெருகிடாத பீங்கானில் உரைத்தால் பொன் மஞ்சள் கோடு இடும். பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு இடும். சுத்தியலால் தட்டினால் பொன் தகடாகும். இது பொறி பறக்க உடைந்து கந்தக நாற்றம் வீசும். நம் ஊரில் காக்காய்ப்பொன் என்பது அப்பிரகம். அது வேறு, இது வேறு.

மறுநாள் டெர்ரனேராக் கடற்கரைக்குப் போனோம். அங்கே கடலுக்கும் ஒரு பச்சை நிறக் குளத்துக்கும் இடையே குறுகிய மணல் திட்டு. குளம் பழைய சுரங்கக் குழி. கந்தகம் கலந்த நீர். மணலோ கருமையாய் மின்னுகிறது. காலடியில் ஒரு கல் பளிச்சிட்டது, முன்னதைவிடப் பெரியது. எடுத்துப் பைக்குள் போடப் போன சமயம், அருகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் விரலை ஆட்டினார். இத்தாலியச் சட்டப்படி கடற்கரையிலிருந்து மணலோ கல்லோ எடுத்தல் குற்றம். தீவின் பெரும்பகுதியும் 1996-ல் ஏற்பட்ட தேசீயப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கும் கல் எடுக்க அனுமதியில்லை. வெட்கத்துடன் கல்லை இருந்த இடத்திலேயே வைத்தோம். கிழவர் அது சரியான இடம்தானா என்று பார்த்துவிட்டே தம் வலைக்குத் திரும்பினார்.

கல்லைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். ஈரக் காற்றில் பைரைட் மெல்ல உளுத்து, திராவகத்தைக் கசியவிடும். பெட்டியையும் சீட்டையும் அரித்துவிடும். கடலோரப் பட்டணங்களில் இது சீக்கிரம் நேரும். நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காத் துணுக்குகளுடன் வைப்பது நலம்.

ஊர் திரும்பியதும் குப்பியைக் குழந்தையிடம் கொடுத்தோம். அவள் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பி முகங்களை எண்ணினாள். பன்னிரண்டு சரியாக இருந்தது. பிறகு, "இதைவிடப் பெரியது கிடைக்கவில்லையா?" என்றாள்.

கிடைத்தது என்றோம், வலைக்காரக் கிழவரின் கதையை அன்றிரவு அவளுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.