இரும்பில் எழுந்த ஆலை

எண்ணெய் ஊறிய பலகைத் தளம், காற்றெங்கும் நார்த்தூசி, இருட்டினால் எரியும் விளக்கு. தீக்கு இதைவிட வேறென்ன விருந்து வேண்டும்? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மரத்தூணும் மரவிட்டமும் கொண்ட ஆலைகள் பல சாம்பலாயின. லீட்ஸ் நகரில் ஜான் மார்ஷலின் ஆளிநார் நூற்பாலை ஒன்றும் 1796ஆம் ஆண்டில் எரிந்தது.

அவரும் கூட்டாளிகளும் ஷ்ரூஸ்பரி நகரை அடுத்த டிதரிங்டனில் புதிய ஆலை எழுப்பினர். வடிவமைத்தவர் சார்லஸ் பேஜ். தொழிலால் அவர் மது வணிகர்! 1797ஆம் ஆண்டில் முடிந்த அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல் வரலாறு பயிலும் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றின் மேல் வார்ப்பிரும்பு விட்டங்கள், விட்டத்துக்கு விட்டம் செங்கல் வளைவு, அதன்மேல் தளம். தூணும் விட்டமும் இரும்பாலேயே அமைந்த உலகின் முதற் கட்டடம் இதுவே. ஒவ்வொரு தூணும் சிலுவை வடிவ வெட்டுமுகம் கொண்டது. நடுவில் சற்றே பருத்தது. சுமை தாங்காமல் தூண் வளையக்கூடிய இடம் நடுப்பகுதியே என்பதைக் கணக்கிட்டு வார்த்திருக்கிறார்கள். நீராவி இயந்திரம் சுழல்தண்டுகளைச் சுற்ற, நூற்புப் பொறிகள் மாடிதோறும் இயங்கின. வானளாவிய கட்டடங்களின் பாட்டன் என்று இதனை அழைப்பது பொருத்தமே அன்றோ!

ஆனால், அந்தத் தூண்களின் நிழலில் நின்றவர்கள் யார்? சிறுவர் சிறுமியர். தூங்கி விழும் சிறுவனைக் காலைப் பிடித்துத் தூக்கி, நீர் நிறைந்த இரும்புத் தொட்டியில் அமிழ்த்தி, மறுபடி வேலைக்கு விரட்டினார்கள் என்று இவ்வாலையைப் பற்றி 1832ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவின் முன் ஒருவர் சாட்சி சொன்னார். மறு ஆண்டு வந்த சட்டம், பட்டாலைகள் நீங்கலாக, நெசவு, நூற்பு ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது.

1886ஆம் ஆண்டில் நூற்பு நின்றது. 1897 முதல் 1987 வரை அங்கே வாற்கோதுமை முளைகட்டினார்கள். பழுது பார்க்கப்பட்டு 2022ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. தூண்கள் இன்றும் நிற்கின்றன.

நண்பர்களே! ஒரு தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்று அந்த ஆலையில் நுட்பமாகக் கணக்கிட்டார்கள். ஒரு குழந்தை எவ்வளவு தாங்கும் என்ற கணக்கைப் போட முப்பத்தாறு ஆண்டுகளும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. நாளை பொறியோ கட்டடமோ எதை நாம் அமைத்தாலும், இரண்டாவது கணக்கை முதலில் போடுவோம்.